இருதயராஜ் சார் அழிக்காத கோப்புகள்

செய்தி வந்தபோது நான் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் இருந்தேன். கிளியனூரில் இறங்கி என் பள்ளிக்கு நடக்க வேண்டும். கைப்பேசியில் நம் பயிற்றுநர்கள் குழுவில் ஒரே ஒரு வரி வந்திருந்தது: விழுப்புரம் இருதயராஜ் சார் இன்று காலை காலமானார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் என் பங்குக்கு ஒரு கும்பிடு போடவில்லை. கிளியனூரில் இறங்கவும் இல்லை. நடத்துநர் வந்து, "மேடம், உங்க ஸ்டாப்பு போயிடுச்சே, தூங்கிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊரில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் விழுப்புரம் போக வண்டி பார்த்தேன்.

நம்மில் பலருக்கு அவரை இரண்டு வாக்கியத்தில் தெரியும். நல்ல மனுஷன் என்பது ஒன்று. நம் பணிச் சான்றுகளையெல்லாம் கம்ப்யூட்டரோடு அழித்துவிட்டவர் என்பது இன்னொன்று. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலிலும் இரண்டாவதைத்தான் அதிகம் பேர் பேசினார்கள். அது உண்மை இல்லை. உண்மை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி வந்தால் அது எனக்குத் தைரியம் வருவதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியார் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் அரசுப் பள்ளிகளில் பகுதிநேரக் கணினிப் பயிற்றுநர்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. என்றாவது ஒருநாள் நிரந்தரம் ஆவோம் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. அந்த ஒருநாள் வந்தால், இத்தனை வருடம் இன்னின்ன பள்ளியில் வேலை பார்த்தோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். காகிதம் இல்லாதவன் வேலையே பார்க்காதவன்.

அவரை முதலில் பார்த்தது விழுப்புரத்தில், நியமன ஆணை வாங்க நின்ற வரிசையில். எனக்கு முன்னால் நின்றார். என் குணம் உங்களுக்குத் தெரியும். வரிசை நகராவிட்டால் எனக்குக் கால் தரிக்காது. நாலைந்து முறை எட்டிப் பார்த்ததும் அவர் திரும்பி, "நீங்க வேணா முன்னால போங்க மேடம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று இடம் விட்டார். நானும் கூச்சமில்லாமல் போனேன். ஆணையை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பியவளை நிறுத்தி, "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு போங்க. நமக்கு இது ஒண்ணுதான் ஆதாரம்" என்றார். எதிர்க்கடையில் அவருடையதோடு சேர்த்து என்னுடையதையும் எடுத்தார். அதில் ஒரு பிரதியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டுங்க. உங்களுது தொலைஞ்சா எங்கிட்ட இருக்கும்." முன்பின் தெரியாத பெண்ணின் காகிதம் இவருக்கு எதற்கு என்று எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்படி ஆரம்பித்த பழக்கம் பெரிதாக வளர்ந்தது. வானூர், கண்டாச்சிபுரம், திண்டிவனம் என்று எந்தப் பக்கத்துப் பயிற்றுநரைப் பார்த்தாலும் ஆணை, வருகைச் சான்று, பணிச் சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் போவார். விழுப்புரத்தில் தன் வீட்டு முன்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு பெயரில் போட்டு வைத்துவிட்டு, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் திருப்பித் தருவார். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. "காயிதம் நனையும், கரையான் தின்னும். இதுல போட்டுட்டா ஒண்ணும் ஆவாது டீச்சர்" என்பார். அதற்குள் நான் அவருக்கு மேடத்திலிருந்து டீச்சர் ஆகியிருந்தேன்.

பொறுமைசாலி என்று எழுதினால் புகழ்வதாகிவிடும். அவரோடு உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை எப்படிப்பட்ட வதை என்று தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் எத்தனை நேரம் சும்மா நின்றாலும் மறுபடி தொடமாட்டார். என் கை போனால் தட்டிவிடுவார். "ஒருதரம் சொல்லிட்டோம்ல. அது யோசிச்சிக்கினு இருக்குது. திரும்பத் திரும்பச் சொன்னா மனுஷனுக்கே பேஜாராவும்." காத்திருக்கும் நேரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துத் தின்பார். தோலெல்லாம் கீபோர்டுக்குள் போகும். அவருடைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு கைப்பிடி தேறும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, எங்களை நிரந்தரமாக்கும் பணி வரன்முறைக்குச் சான்றுகளை இணையத்தில் ஏற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது. இருதயராஜ் சார் எல்லோருக்கும் தகவல் அனுப்பினார்: யாரும் அலைய வேண்டாம், எல்லாம் என்னிடம் இருக்கிறது, நானே ஒவ்வொருவருக்கும் ஏற்றிவிடுகிறேன். எனக்கு அதற்குள் பொறுக்கவில்லை. அன்று மாலையே திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் என்னுடையதை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பழைய விண்டோஸில் அந்த இணையப் பக்கம் திறக்கவில்லை. புதிய விண்டோஸை அந்தக் கம்ப்யூட்டர் தாங்காது. பழையதை எடுத்துவிட்டால் ஸ்கேனர் வேலை செய்யாது. ஆகவே விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதே டிஸ்க்கில் இன்னொரு பக்கம் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போடுவது என்று இருவரும் முடிவு செய்தோம். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான் திண்டிவனத்திலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

முதல் தவறு அங்கேயே நடந்தது. லினக்ஸை ஏற்றிக்கொள்ளப் பெரிய பென்டிரைவ் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றுதான், அதில் எல்லாருடைய ஸ்கேன்களின் நகலும் இருந்தது. அதில் லினக்ஸை எழுதினால் நகல் போய்விடும். அவர் தயங்கினார். கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வருகிறேன் என்று செருப்பைக்கூட மாட்டினார். நான்தான், "ஞாயித்துக்கிழம எந்தக் கடை சார் இருக்கும்? சிஸ்டத்துலதான் எல்லாம் இருக்குதே. முடிச்சிட்டு மறுபடி காப்பி பண்ணிக்கலாம்" என்றேன். நகல் எடுத்து வைப்பது எப்படி என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

பிறகு கீபோர்டு படுத்தியது. விண்டோஸுக்குள் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றி, பென்டிரைவிலிருந்து கிளம்பு என்று சொல்ல வேண்டிய அந்த முதல் சில நொடிகளில் உயிரே இல்லை. விளக்குகூட எரியவில்லை. நாங்கள் அழுத்துவதைக் கண்டுகொள்ளாமல் நேராக விண்டோஸுக்குப் போய் நின்றது. முன்பக்கம் செருகியிருந்ததைப் பின்பக்கம் மாற்றினோம். கவிழ்த்துத் தட்டினோம். மல்லாட்டைத் தோல் கொட்டியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. விண்டோஸ் எழும் முன்பு யுஎஸ்பி கீபோர்டை ஏற்காதபடி அந்தக் கம்ப்யூட்டரில் அமைத்திருந்தது. அந்த அமைப்பை மாற்றலாம் என்றால் அதற்கும் அதே நொடிகளில் கீபோர்டு வேலை செய்ய வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாவிய உள்ள வெச்சிப் பூட்டிட்டாங்க டீச்சர்" என்றார்.

கடைசியில் பரணிலிருந்து வட்ட முனை வைத்த பழைய கீபோர்டு ஒன்றை எடுத்துத் துடைத்து மாட்டினார். அது பழைய காலத்துத் துளையில் செருகுவது. அதில் உயிர் வந்தது. லினக்ஸ் கிளம்பி, மொழி கேட்டு, ஊர் கேட்டு, டிஸ்க்கைப் படிக்க ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டது. மவுஸும் அசையவில்லை. அந்த நேரம் வாசலில் தண்ணீர் கேன் வந்தது. "டச் பண்ணாதீங்க டீச்சர். யோசிச்சிக்கினு இருக்குது. கேனை வெச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

இனிமேல் நடந்தது முழுக்க என் கை. எண்டரை ஒருமுறை அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை. கீபோர்டு மறுபடி செத்துவிட்டது என்று நினைத்தேன். கோபம் வந்தது, எட்டுப் பத்து முறை தட்டினேன். அது சாகவில்லை. நான் அழுத்திய ஒவ்வொரு எண்டரையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்க்கைப் படித்து முடித்ததும் திரை விழித்தது, பக்கங்கள் தாமாக மாறின. டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது. என் எண்டர் ஒன்று சரி என்றது. நிச்சயமாகவா என்று கேட்டது. இன்னொன்று சரி என்றது. நான் படித்து முடிப்பதற்குள் நீலக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓட ஆரம்பித்துவிட்டது.

சார் என்று நான் கத்தியதைக் கேட்டு, தண்ணீர் சிந்திய சட்டையோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். சுவரிலிருந்த பிளக்கை அப்படியே பிடுங்கினார். அவர் எதையும் அத்தனை வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. "ஏன் டீச்சர்" என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அவர் மனைவி லூர்துமேரி எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்தார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை வைத்து இரண்டு நாள் இரவும் பகலும் முயன்றார். கிடைத்தவை பெயரில்லாத துண்டுகள். ஒரு படத்தில் முத்திரை இருந்தால் ஆணை இல்லை, கையெழுத்து இருந்தால் பெயர் இல்லை. அந்த நாட்களில் நான் போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் எல்லோரையும் கூட்டினார். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள்.

கண்டாச்சிபுரம் தணிகாசலம் சார்தான் முதலில் எழுந்தார். அவருடைய மூலச் சான்றுகள் முந்தைய வருட வெள்ளத்தில் வீட்டோடு போயிருந்தன. இருதயராஜ் சாரிடம் இருந்த ஸ்கேன் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். "எம்பேப்பரு எங்க சார்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. இருதயராஜ் சார் எழுந்து நின்று, "எங்கைதாங்க தவறிடுச்சி. ரெண்டாவது ஓஎஸ் போடும்போது அழிஞ்சிடுச்சி. வேற யாரையும் சொல்றதுக்கில்ல" என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டியவள் நான். "கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறவன் பண்ற வேலயா இது? உங்கள நம்பித்தான சார் இருந்தேன்" என்று தணிகாசலம் சார் சொன்னபோது என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்தில் இருதயராஜ் சார் பின்னாலேயே போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "திட்டு வாங்க ஒரு ஆளு போதும் டீச்சர். ரெண்டு பேரு எதுக்கு? என்னய நம்பித்தான குடுத்தாங்க. உங்ககிட்டயா குடுத்தாங்க?" என்றார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கமெல்லாம் திண்டிவனம் வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது, அதையும் தூங்கி எழுந்து சமாளித்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த நாட்களில் அவர் பேருந்து பேருந்தாக ஏறி இறங்கியது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவர் வீட்டிலும் மூலத்தை வாங்கி, அங்கேயே பக்கத்துக் கடையில் ஸ்கேன் செய்து ஏற்றினார். வாங்கிய திட்டுகளையும் சேர்த்துச் சுமந்தார். உங்களுக்குத் தெரியாதது கடைசி நாள். அன்று காலை கண்டாச்சிபுரம் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் தேடிப் போனார். தணிகாசலம் சாரின் பணிக்காலத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று வாசலிலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தார். பதிவேட்டைப் பார்க்காமல் போடமாட்டேன் என்று அந்தத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். இருதயராஜ் சார் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. அவருடைய சொந்தச் சான்றுகள் பீரோவில் பத்திரமாக இருந்தன. எல்லோருடையதையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏற்றலாம் என்று வைத்திருந்தார்.

பட்டியல் வந்தது. ஏழு பேர் பெயர் இல்லை. தணிகாசலம் சார் பெயர் இல்லை. இருதயராஜ் சார் பெயரும் இல்லை. என் பெயர் இருந்தது. நான் கோயிலுக்குப் போய் அர்ச்சனைகூடச் செய்தேன்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு இருதயராஜ் சாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். போகும்போதெல்லாம், "தணிகாசலம் சாரப் பாத்தீங்களா? எப்படி இருக்காரு?" என்று கேட்பார். இல்லை சார், பார்க்கவில்லை என்பேன். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், ரத்தம் அந்தக் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன், என்னை மன்னித்துவிட்டீர்களா என்று. அவர் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அவசரப்பட்டு, "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன் சார்" என்றேன். "மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாயிடும் டீச்சர். தணிகாசலத்த நெனச்சா இன்னும் நெஞ்சு அடைக்குது. யாருகிட்டயும் சொல்லாம இருக்கறதுதான் என்னால ஆவுது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அது தூக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடக்கத்தன்று தணிகாசலம் சார் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து, "நல்ல மனுஷன்தான். அந்த ஒரு காரியம் மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். சத்தியமாக ஆட்டினேன். உள்ளே பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் லூர்துமேரியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். நான் ஆரம்பித்ததுமே அவர் நிறுத்தினார். "அன்னிக்கே சொல்லிட்டாருங்க. அவரு எங்கிட்ட எதையும் மறச்சதில்ல" என்றார். பிறகு காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீங்களே ஒருநாள் எல்லாருகிட்டயும் சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தோம். ரெண்டு பேருமே. டீச்சரு எதுலயும் ஜல்தியான ஆளு, மனசுல வெச்சிக்கத் தெரியாது, சீக்கிரம் சொல்லிடுவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் அங்கே உட்கார முடிந்திருக்கும்.

நேற்று கண்டாச்சிபுரம் போனேன். தணிகாசலம் சார் இப்போது கடைவீதியில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறார். கடை வாசலிலேயே நின்று சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்காக இருதயராஜ் சார் கடைசி நாள் முழுவதும் ஒரு வாசலில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். "இப்ப வந்து சொல்றீங்க" என்றார். "அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா, போயி ஒரு வார்த்த பேசியிருப்பேனே. ஆறு வருசமா எதிர்ல வந்தா மூஞ்சிய திருப்பிக்கினு போனேன் மேடம்." கடைக்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நண்பர்களே, இருதயராஜ் சார் நம் கோப்புகளை அழிக்கவில்லை. அழித்தவள் நான். இதனால் அந்த ஏழு பேருக்கும் எதுவும் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை எது சொன்னாலும் அது அவர் காதுக்கு எட்டாது என்பதும் தெரியும்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொல்ல மறுத்த அந்த ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அன்றே வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன், இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் தரவில்லை. இனி கேட்டு வாங்க ஆளில்லை.